லயத்துக் கொல்லையிலிருந்து பொங்கல் இலைக்கு: தென்கெடாத் தோட்டங்களில் சக்கரவள்ளிக் கிழங்கு

தை முதல் நாள் சர்க்கரைப் பொங்கலை இறக்கிய கையோடு ஒரு கிழங்குக் குழம்பும் கூட்ட வேண்டும் என்பது காவிரிக்கரை மாவட்டங்களின் பழைய வழக்கம். பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், கருணை, சேம்பு, சக்கரவள்ளி என்று அந்தப் பருவத்தில் கொடியிலும் மண்ணுக்கடியிலும் விளைந்ததெல்லாம் ஒரே சட்டியில் சேரும். சில வீடுகளில் ஏழு காய், சில வீடுகளில் ஒன்பது. புளியும் துவரம்பருப்பும் வறுத்து அரைத்த மசாலாவும் சேர்ந்தாலும் அந்தச் சட்டிக்கு இனிப்பைத் தருவது பரங்கியும் சக்கரவள்ளியும்தான். மலேசியாவின் கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், புக்கிட் செலம்பாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் அதே மாவட்டங்கள். வழக்கம் அவர்களோடு கடல் தாண்டியது. கிழங்கை மட்டும் இங்கேதான் புதிதாக விளைவிக்க வேண்டியிருந்தது.

பண்டிகைச் சமையலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஊர் நினைவையே அதன் காரணமாகச் சொல்கிறார்கள். தாயகத்துச் சுவையை மறக்க முடியாததால் சமைத்தார்கள் என்பது அந்த விளக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது போதாது. தென்கெடாவில் சக்கரவள்ளி பண்டிகை இலையில் நிலைத்ததற்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த சிறு துண்டு நிலமே முதற்காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த நிலம் இருந்த காலத்தில் கிழங்கு இருந்தது. நிலம் போனபோது கிழங்கின் வகை மாறியது, சமையலும் மாறியது.

சக்கரவள்ளி தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் வந்தேறிய பயிர். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. போர்த்துகீசியர் அதை ஆப்பிரிக்கா, இந்தியா, கிழக்கிந்தியத் தீவுகள் வழியாகக் கொண்டுவந்தனர். ஸ்பானியர் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குக் கப்பலேற்றினர். 1593-இல் சென் சென்லோங் என்னும் வணிகர் லூசோன் தீவிலிருந்து கொடியைச் சீனாவின் பூஜியானுக்குக் கொண்டுபோனார் என்பது சீன மரபு. பின்னாளில் மலாயாவுக்குக் குடிபெயர்ந்த ஹொக்கியன் மக்களின் தாயகம் அதே பூஜியான். ஆக, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடாவில் சந்தித்த மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவருக்கும் இந்தக் கிழங்கு ஏற்கெனவே பழகியது. ஐ. எச். பர்கில் 1935-இல் வெளியிட்ட மலாய்த் தீபகற்பப் பயன்பாட்டுப் பொருள்களின் அகராதியிலும் அதற்கு உரிய இடம் உண்டு.

தமிழ்ச் சமையல் இதை ஏற்றுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டைக்கோசும் இன்னும் பல வீடுகளில் திவசச் சமையலுக்கு ஆகாதவை. அவற்றைப் போலவே கடல் கடந்து வந்த சக்கரவள்ளி அந்த இலையிலும் விலக்கில்லாமல் பரிமாறப்படுகிறது, திருவாதிரைக் கூட்டிலும் சேர்கிறது. அதே அமெரிக்காவிலிருந்து, அதே போர்த்துகீசியரால் வந்த மரவள்ளிக்கு இந்தத் தகுதி கிடைக்கவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளியை ஊக்குவித்தார். அங்கே அது ஏழைகளின் அன்றாட உணவாயிற்று. காவிரிக்கரையின் பொங்கல் சட்டிக்குள் அது நுழையவில்லை. தோட்டங்களில் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிக முக்கியம்.

இரண்டு கெடாக்கள்

1909-ஆம் ஆண்டின் ஆங்கில-சயாமிய உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதற்கு முன்பே வடகெடா நெல் நாடு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட வான் மாட் சமான் கால்வாய் அலோர் ஸ்டார் சமவெளியைக் குருண் வரை வயலாக்கியிருந்தது. தெற்கில் கோல மூடா, கூலிம், பாலிங் மாவட்டங்களின் மேட்டு நிலம் ரப்பருக்குப் போயிற்று. புக்கிட் செலம்பாவ் இந்தத் தென்கெடாவைச் சேர்ந்தது. சுங்கைப் பட்டாணியும் பீடோங்கும் அதன் அண்டை ஊர்கள். நாட்டின் பிற பகுதியினர் பலருக்கு இந்தப் பெயர் 2009 ஏப்ரலில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில்தான் காதில் விழுந்தது. ஆனால் மலாயாத் தமிழரின் உழைப்பு வரலாற்றில் இந்த வட்டாரத்துக்கு அதைவிட மூத்த இடம் உண்டு.

கே. எஸ். சாந்து 1969-இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூல் காட்டுவதுபோல, ஆள் திரட்டிய கங்காணிகள் வழி வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டத்தினர். அவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தது இறக்குமதி அரிசி. போருக்கு முந்தைய மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. வயலே இல்லாத இடத்தில் அறுவடைத் திருநாளைக் கொண்டாட வேண்டிய நிலை இது. புதுநெல் இல்லை, மாடு கட்டிய ஏரும் இல்லை. பொங்கலுக்கு அவர்கள் கையாலேயே விளைந்து வரக்கூடியவை கொல்லைப் பயிர்கள் மட்டுமே.

கூட்டு மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலத்தைத் தோட்டம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. கணக்குப் போட்டால் சுமார் 2,720 சதுர அடி. கெடா கூட்டு மலாய் நாடுகளில் சேராத அரசு, அதற்கெனத் தனிச் சட்டம் இருந்தது. எந்தச் சட்டத்தின் கீழானாலும் நிலம் தொழிலாளிக்குச் சொந்தமாகவில்லை. வேலை போனால் லயமும் கொல்லையும் சேர்ந்தே போகும். மா, பலா, தென்னை என்று பல ஆண்டுக்குப் பின் பலன் தரும் மரங்களை நடுவதில் அவர்களுக்கு என்ன நிச்சயம் இருந்திருக்க முடியும்?

சக்கரவள்ளி இந்த நிலைமைக்கென்றே அமைந்த பயிர்போல் பொருந்தியது. அதற்கு விதை வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு முழம் நறுக்கி, மண்ணைக் கூட்டி மேடாக்கிய பாத்தியில் படுக்கவைத்து மூடினால் போதும். மூன்றரை மாதம் முதல் நான்கு மாதத்தில் கிழங்கு தேறிவிடும். கொழுந்து இலையைப் பறித்துக் கீரையாகக் கடையலாம். ரப்பர்க் காட்டின் சரிவு மண்ணிலும் அது படரும். புரட்டாசி மழையில் நட்ட கொடி தை பிறக்கும்போது தோண்டும் பதத்துக்கு வரும். கெடாவில் ஆண்டின் இறுதி மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் நேரம் அது. அடுத்த சில வாரங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கும், பால் குறையும், கூலியும் குறையும். பொங்கலுக்குத் தோண்டியதில் சட்டிக்குப் போக மிஞ்சியது அந்த வறண்ட வாரங்களின் உணவு. பண்டிகைப் பயிரும் பஞ்சக்காப்புப் பயிரும் ஒன்றாகவே இருந்தன என்பதை இந்தப் பருவக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்து 1937-இல் அறிக்கை தந்தார். கூலி, வீடு, பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் அக்காலத்து விவாதங்களில் இடம்பெற்றன. ஆனால் கொல்லையில் பெண்கள் செய்த இந்த விவசாயம் கணக்கேடுகளில் உற்பத்தியாகப் பெரும்பாலும் பதிவாகவில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மதியம் வரை பால் வெட்டி, அதன்பின் பாத்தி கொத்தியவர்களின் உழைப்பு அது. தோட்டக் கம்பெனிகள் கொடுத்த கூலியில் ஒரு குடும்பம் பிழைக்க முடிந்ததற்கு இந்தப் பதிவாகாத விளைச்சலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஜப்பான் காலம்

1941 டிசம்பர் 8 அன்று சுங்கைப் பட்டாணி விமானத் தளம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. ஜித்ராவிலும் குருணிலும் பிரிட்டிஷ் அணிகள் உடைந்தன. போர் தொடங்கி ஒரு வாரத்துக்குச் சற்று மேலாவதற்குள் கெடா ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பருக்குச் சந்தை இல்லை, பர்மா அரிசிக் கப்பல் இல்லை. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. கெடா சைபுரி ஆயிற்று. மலாயாவின் மற்ற பகுதிகள் கெடாவின் நெல்லை இழந்தன. நெல் விளையும் மாநிலத்திலேயே இருந்தும் தென்கெடாத் தோட்டத் தமிழருக்கு அது எட்டாப் பொருள். அவர்களிடம் வயல் இல்லை, ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக்கோ மதிப்பில்லை. ஆண்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர்.

மக்கள் ரப்பர் நிலத்தில் கிழங்கு நட்டார்கள். மரவள்ளியும் சக்கரவள்ளியும் சேர்ந்தே அவர்களைக் காத்தன, ஆனால் ஒரே விதத்தில் அல்ல. மரவள்ளியைத் தேவைப்படும் வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம். எல்லா ஊர்களிலும் அதுவே முதல் உணவானது இதனால்தான். சக்கரவள்ளியை அப்படி விட்டால் கூன்வண்டு துளைத்துக் கசப்பாக்கிவிடும். தோண்டினால் சில வாரங்களுக்குள் தின்றாக வேண்டும். மரவள்ளியில் மாவுச்சத்துக்கு மேல் அதிகம் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் அதையே தின்ற உடம்புகள் வீங்கின, புண்கள் ஆறவில்லை, மலேரியா எளிதில் கொன்றது. சக்கரவள்ளியின் இலையும் கிழங்கும் அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுகட்டியிருக்கும்.

போர் முடிந்தபின் இரண்டு கிழங்குகளின் பாதைகளும் பிரிந்தன. ‘ஜப்பான் காலம்’ என்று ஒரு மூத்தவர் பேசத் தொடங்கினால் அடுத்த சொல் பெரும்பாலும் மரவள்ளியாகவே இருக்கும். அந்தக் கிழங்கைத் தொடவே மறுத்தவர்கள் பல குடும்பங்களில் இருந்தார்கள். சக்கரவள்ளி மட்டும் பொங்கலுக்குத் திரும்பிவிட்டது. பஞ்சத்துக்கு முன்பே அதற்குப் பண்டிகை இலையில் ஓர் இடம் இருந்தது. மரவள்ளிக்கு அப்படித் திரும்பிப் போக இடமே இல்லை. சுவையையோ சத்தையோ காரணமாகச் சொல்வதைவிட இந்த விளக்கமே பொருத்தமானது என்பேன்.

1946, 1947-இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. கூலி கள்ளுக்குப் போகாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் அந்த எழுச்சியின் நோக்கம். காவல்துறை அதைக் கடுமையாக ஒடுக்கியது. அந்த இளைஞர்களின் தன்மதிப்புப் போராட்டம் தோட்டச் சமையலறையையும் தொட்டது என்பதை உணவு வரலாறு எழுதுவோர் மறக்கக் கூடாது.

கொல்லை போனபின்

1974-இல் துன் ரசாக் அரசின் பச்சைப் புத்தகத் திட்டம் வீட்டுத் தோட்டங்களை ஊக்குவித்தது. லயத்துக் கொல்லைகளுக்கு அது புதுச் செய்தி அல்ல. அதற்குப் பிந்திய இருபது முப்பது ஆண்டுகளில்தான் உண்மையான திருப்பம் நிகழ்ந்தது. ரப்பர் செம்பனையானது. சுங்கைப் பட்டாணி வளர வளரத் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே பாத்தி போட இடமில்லை. பக்கத்து வீட்டுக் கொடியை நறுக்கி வாங்கும் வழக்கமும், பொங்கலுக்கு நாலு வீட்டுக்குக் கிழங்கு கொடுத்தனுப்பும் வழக்கமும் அதோடு நின்றன. இந்த இழப்பைச் சந்தையால் ஈடுகட்ட முடியவில்லை.

சந்தையில் கிடைத்த கிழங்கும் வேறு. லயத்துக் கொல்லையில் விளைந்தவை பெரும்பாலும் சிவப்புத் தோலும் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சதையும் கொண்ட மாவுக் கிழங்குகள். மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி பின்னாளில் ‘விட்டாட்டோ’ என்னும் செம்மஞ்சள் வகையையும் ‘அங்குன்’ என்னும் ஊதா வகைகளையும் பரப்பியது. செம்மஞ்சள் கிழங்கில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் மிகுதி, பார்வைக்கு அழகு, ஆனால் நீர்ப்பதம் கூடுதல். புளிக்குழம்பில் கொதிக்கவிட்டால் கரைந்துபோகிறது.

அதே வேளையில் அண்டை வீட்டுச் சக்கரவள்ளிச் சமையலும் நெருங்கி வந்தது. நோன்பு மாதச் சந்தையின் குவே கெரியா, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் பினாங்குப் பெரானாக்கான் வீடுகளில் செய்யும் புபூர் சாசா, பசெம்போர் கடைக்காரர் கிழங்கை மசித்துக் கெட்டியாக்கும் குழம்பு எல்லாம் தென்கெடாத் தமிழருக்கு அன்றாடப் பழக்கம். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, சிறிது மாவு சேர்த்து மேற்புறம் சிவக்கச் சுடும் மலாய் பிங்கா, கரைந்துவிடும் கிழங்குக்கு ஏற்ற வடிவத்தைக் காட்டியது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சக்கரவள்ளியை மசித்து ஓவனில் வைக்கும் இன்றைய முறைக்கு அடிப்படை அதுதான். அமெரிக்காவின் நன்றி நவிலல் விருந்தில் மார்ஷ்மெல்லோ போர்த்திச் சுடும் கிழங்குப் பண்டத்துக்கும் இதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் அது பரவியதற்கு 1917-இல் ஒரு மார்ஷ்மெல்லோ கம்பெனி ஜேனட் மெக்கென்சி ஹில்லைக் கொண்டு எழுதுவித்த சமையல் சிற்றேடு பெருங்காரணம். ஹார்வர்ட் தோட்டமும் அமெரிக்க ரப்பர்க் கம்பெனியின் உடைமையாக இருந்ததுதான். இருந்தும் இங்குள்ள பண்டத்துக்கு வழிகாட்டியவர்கள் அண்டை வீட்டு மலாய்ப் பெண்கள்.

பழைய குழம்பை விடாத வீடுகளும் உண்டு. அவர்கள் சந்தையில் முதலில் தேடுவது மாவுப்பதமுள்ள வெள்ளைச் சதைக் கிழங்கை. அது கிடைக்காத ஆண்டில் செம்மஞ்சள் கிழங்கைத் தோலோடு தனியே அரைவேக்காடாக அவித்துப் பெரிய துண்டுகளாக நறுக்கி, மற்ற காய்கள் வெந்து புளியின் பச்சை வாடை போனபின், அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்னால் சட்டியில் சேர்க்கிறார்கள்.