கோக்கர் போட்ட பாதை

கொடைக்கானல் போனவர்கள் கோக்கர்ஸ் வாக்கைத் தவறவிட்டிருக்க மாட்டீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்தால், மலை விளிம்பை ஒட்டியே சுமார் ஒரு கிலோமீட்டர். மிஞ்சிப்போனால் கால் மணி நேர நடை! மேகம் விலகினால் கீழே பெரியகுளம் வரை தெரியும். மூடிக்கொண்டால்... பக்கத்தில் நிற்பவர்கூடத் தெரிய மாட்டார்.

யார் இந்த கோக்கர்? பிரிட்டிஷ் ராணுவ லெப்டினென்ட். 1872-ல் இந்தப் பாதையைப் போட்டவர். சமவெளி வெயில் தாங்காமல் மலைக்கு ஓடிவந்த வெள்ளைக்காரர்களுக்குக் காலாற நடக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

சரி, அவர்கள் மேலே வந்தது எப்படி? மோட்டார் ரோடு 1910-களில்தான் வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தான மலைப்பாதைதான். குதிரை இருந்தால் குதிரை. இல்லையென்றால் டோலி, நாற்காலி. தூக்கியவர்கள்? நம்ம ஆட்கள்! துரை, துரைசானி, குழந்தைகள், பெட்டி, படுக்கை... எல்லாம் அவர்கள் தோளிலும் தலையிலும்தான் மலையேறின.

வெயிலும் மேகமும் சரியாக அமைந்தால், இங்கே நம் நிழலே எதிரிலுள்ள மேகத்தில் விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம்! இதற்கு 'பிராக்கன் ஸ்பெக்டர்' என்று பெயர். நிழலுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. திட்டம் போட்ட லெப்டினென்ட்டின் பெயரும் நின்றுவிட்டது. பாறையை உடைத்தவர்கள், டோலி சுமந்தவர்கள் பெயர்தான் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை அங்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கும்போது, அவர்கள் ஏறிவந்த உயரத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள்!