சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன்: யாருக்கு, எப்படி, பிறகு என்ன?

அரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம். யூரின் டெஸ்டில் சீழ் அணுக்கள் இருக்கு, ஆனா சாதாரண கல்ச்சரில் கிருமி எதுவும் வளரல. ஆன்டிபயாட்டிக் முடித்தும் மாற்றமில்லை. இப்படி இருந்தால் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "இது டிபியா இருக்குமா?"

டிபிக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு?

காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் வழியே சிறுநீரகத்துக்குப் போய், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கலாம். சுவரில் தழும்பு விழுந்து பை சுருங்கும். பெரியவர்களுக்கு 400–500 மில்லி பிடிக்கும் பை, 100 மில்லிக்கும் கீழே போகலாம். உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீரகமே கெட்டுப்போகும். மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பைக் கரைக்காது. அதனால் முதலில் டிபி மருந்து, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இத்தகைய மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைகளில் தங்கள் அனுபவத்தை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2006-இல் 'ஜர்னல் ஆஃப் யூராலஜி' இதழில் வெளியிட்டார்கள்.

வேறு யாருக்கு?

முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள். இவர்களுக்கு முதலில் மாத்திரை, பிறகு போடாக்ஸ் ஊசி. அதுவும் பலிக்காவிட்டால்தான் கத்தி.

எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு துண்டை, ரத்த ஓட்டம் அறுபடாமல் பிரிப்பார்கள். மீதிக் குடலை மறுபடி இணைத்துவிடுவார்கள். பிரித்த துண்டை நீளவாக்கில் வெட்டி விரித்து, திறந்த சிறுநீர்ப்பையின் மேல் ஒட்டுத்துணி போலத் தைப்பார்கள். ஏன் விரிக்கணும்? குழாயாகவே விட்டால் குடல் சுருங்கிச் சுருங்கித் தள்ளும்; அழுத்தம் குறையாது.

அதோடு முடிஞ்சுதா?

இல்லை. இடம் மாறினாலும் குடல் குடல்தான். சளி சுரக்கும், கல் சேரலாம், ரத்தத்தில் அமிலம் கூடலாம், வைட்டமின் பி12 குறையலாம். பல ஆண்டுகள் கழித்து, அரிதாக, புற்றுநோயும் வரலாம். பை பெரிதாகுமே தவிர, தானாகச் சுருங்கி வெளியேற்றும் பலம் கூடாது. அதனால் பலர் தினமும் பலமுறை மெல்லிய டியூபைத் தாங்களே செருகி சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் ஆயுள் முழுக்க.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்பே டியூப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் செக்கப் தவறாதீர்கள். பிறகு எப்போதாவது கடும் வயிற்றுவலி வந்தால் காத்திருக்காதீர்கள், பை கிழிந்திருக்கலாம். எமர்ஜென்சியில் முதலில் சொல்ல வேண்டியது: "எனக்குச் சிறுநீர்ப்பையில் குடல் வைத்துத் தைத்திருக்கிறார்கள்."