மொக்கிங்பேர்ட் ஒழுங்கையின் நிறம்: ஒரு தொலைக்காட்சித் தொடரும் அதன் பார்வையாளரும்

கலைப்படைப்பு ஒன்றின் வரலாறு அதனை ஆக்கியோரின் வரலாறு மட்டுமன்று. அதனை ஏற்றோரினதும் மறுத்தோரினதும் வரலாறுமாகும். இலக்கிய வரலாற்றில் ஓரளவு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட இக்கருத்து, தொலைக்காட்சி போன்ற வெகுசன சாதனங்களைப் பொறுத்தவரை போதிய கவனத்தைப் பெறவில்லை. பொழுதுபோக்கு எனத் தள்ளப்படுவன ஆய்வுக்குரியனவல்ல என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயின், ஒரு சமுதாயம் எதனைப் பார்த்துச் சிரித்தது என்பதும், அரை நூற்றாண்டுக்குப் பின் அதே பொருளைப் பார்த்து ஏன் முகஞ்சுளித்தது என்பதும் வரலாற்று மாணவன் புறக்கணிக்கத்தக்க வினாக்களல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ‘மன்ஸ்ரர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரும், அதன் மீளுருவாக்கமாக 2022இல் வெளிவந்த திரைப்படமும் இவ்வினாக்களை எழுப்புகின்றன.

யூனிவேர்சல் நிறுவனம் 1931இல் ‘டிராக்குலா’, ‘பிராங்கன்ஸ்ரைன்’ ஆகிய இரு படங்களையும் வெளியிட்டது. தட்டையான தலையும் கழுத்தின் இருமருங்கும் உலோக முளைகளுமாக உலகெங்கும் அறியப்பட்ட பூதத்தின் தோற்றம் அங்கு பிறந்ததே. கால் நூற்றாண்டின் பின், 1957இல், அந்நிறுவனத்தின் பழைய திகிற்படங்கள் உள்ளிட்ட 52 படங்களைக் கொண்ட தொகுதியொன்று தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டது. பெற்றோரை நடுங்கவைத்த உருவங்களைப் பிள்ளைகள் வீட்டு வரவேற்பறையிலிருந்து கண்டு களித்தனர். பூதங்களுக்கெனச் சஞ்சிகைகள் தோன்றின. பூதப் பொம்மைகளை ஒட்டிப் பொருத்தும் விளையாட்டுப் பொருட்கள் கடைகளுக்கு வந்தன. அச்சத்துக்குரியதாயிருந்த ஒன்று செல்லத்துக்குரியதாக மாறிய காலம் அது.

இச்சூழலிலேயே 1964 செப்டெம்பர் 24ஆந் திகதி சீ.பீ.எஸ். ஒளிபரப்பில் ‘மன்ஸ்ரர்ஸ்’ தொடங்கிற்று. அதற்கு ஆறு நாட்களின் முன்னர்தான் ஏ.பீ.சீ. நிறுவனம் ‘அடம்ஸ் குடும்பம்’ என்னும் இதனையொத்த தொடரைத் தொடங்கியிருந்தது. ‘மன்ஸ்ரர்ஸ்’ தொடரைத் தயாரித்த ஜோ கொனெலி, பொப் மொஷர் என்போர், புறநகர்க் குடும்பமொன்றின் நல்லொழுக்க வாழ்வைக் காட்டிய ‘லீவ் இற் ரு பீவர்’ என்னும் தொடரை (1957–1963) ஆக்கியவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் செய்தது பெரிய புதுமையன்று. அதே குடும்பத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டு முகங்களை மட்டும் மாற்றினர். பிராங்கன்ஸ்ரைன் பூதத்தின் உருவிலமைந்த ஹேர்மன் (பிறெட் குவின்) சவ அடக்க நிலையமொன்றில் வேலைசெய்யும் தந்தை. மனைவி லிலியும் (இவோன் டி கார்லோ), அவளுடைய தந்தையான தாத்தாவும் (அல் லூயிஸ்) இரத்தக்காட்டேரிகள். மகன் எடி (புச் பற்றிக்) ஓநாய்ச் சாயல் கொண்டவன். மருமகள் மரிலின் மாத்திரம் பொன்னிறக் கூந்தலையுடைய அழகி. பாவம், அவலட்சணமாகப் பிறந்துவிட்டாளே எனக் குடும்பத்தினர் அவளுக்காக இரங்குவர்.

தொடரின் நகைச்சுவை முழுவதும் இவ்விரக்கத்திலேயே தங்கியிருந்தது. தாம் பிறரைப் போன்றவர்களே என மன்ஸ்ரர் குடும்பத்தினர் உறுதியாக நம்புகின்றனர். தம்மைக் கண்டோர் ஏன் ஓடுகின்றனர் என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. ஆகவே இலக்கம் 1313, மொக்கிங்பேர்ட் ஒழுங்கையில் அமைந்த அவ்வீட்டினளவு அதனைச் சூழ்ந்த அயலும் கதைக்கு இன்றியமையாததாயிற்று. ஓடுவதற்கு ஒரு தபாற்காரனோ அயலவனோ இல்லையெனிற் சிரிப்பில்லை.

இந்நகைச்சுவை தோன்றிய ஆண்டையும் நோக்குதல் வேண்டும். குடியுரிமைச் சட்டம் 1964 ஜூலையில் ஒப்பமிடப்பட்டது. நாட்டினத்தை அடிப்படையாகக் கொண்ட குடிவரவு ஒதுக்கீட்டை நீக்கிய சட்டம் 1965 ஒக்ரோபரில் வந்தது. வேற்றுத் தோற்றமுடையோர் அயலில் வந்து குடியேறுதல் பல ஊர்களில் கொந்தளிப்பை விளைவித்த காலத்தில், பழைய நாட்டிலிருந்து வந்து அமெரிக்கப் புறநகரில் வாழும் குடும்பமொன்றைப் பார்த்து நாடு சிரித்தது. தயாரிப்பாளர் இதனை அரசியற் கருவியாகக் கருதினர் என்று கூறுதல் மிகையாகும். தொடரின் பெரும்பகுதி விழுதலும் உடைதலுமான எளிய கேலியே. ஆயினும் 1965இல் ஒளிபரப்பான ஓர் அங்கத்தில், பள்ளியிற் பட்டப்பெயர் சூட்டப்பட்டு வருந்தும் எடிக்கு, ஒருவனின் உருவமன்று, உள்ளத்தின் அளவே பெரிதென்று ஹேர்மன் எடுத்துரைக்கும் காட்சியொன்றுண்டு. ஜோர்ஜ் புளொயிட் கொல்லப்பட்டதையடுத்து இனவெறிக்கெதிரான கிளர்ச்சிகள் நடைபெற்ற 2020 ஜூன் மாதத்தில் அச்சிறு காட்சி பரவலாகப் பகிரப்பட்டது. பார்த்தோருட் பலர் தொடர் முடிந்த பின் பிறந்தவர்கள்.

முதற் பருவகாலத்தில் இத்தொடர் பார்வையாளர் கணிப்பில் 18ஆம் இடத்தைப் பெற்றது. இரண்டாம் பருவகாலத்தின் நடுவே, 1966 ஜனவரியில், ஏ.பீ.சீ. நிறுவனம் ‘பற்மன்’ தொடரைப் புதன், வியாழன் ஆகிய இரு மாலைகளிலும் ஒளிபரப்பத் தொடங்கிற்று. வியாழன் மாலை 7.30 மணி ‘மன்ஸ்ரர்ஸ்’ தொடருக்குரியது. பற்மன் வண்ணத்தில் வந்தான். மன்ஸ்ரர் குடும்பம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வேகமாகப் பரவிவந்த ஆண்டு அது. அடுத்த பருவகாலத்தில் மூன்று பெரும் ஒளிபரப்பு நிறுவனங்களினதும் மாலை நேர நிகழ்ச்சிகள் முழுவதும் வண்ணத்துக்கு மாறின. வண்ணம் மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. ஒரே கேலியை வாரந்தோறும் கேட்ட சலிப்பும் இருந்திருக்கும். எவ்வாறாயினும் 70 அங்கங்களுடன் 1966 மே மாதத்தில் தொடர் முடிவுற்றது.

இவ்விடத்து ஒரு செய்தியைக் குறிப்பிடாது செல்லவியலாது. தொடரின் முதல் மாதிரிப்படம் 1964இல் வண்ணத்திலேயே எடுக்கப்பட்டது. செலவைக் குறைத்தல், பழைய திகிற்படங்களின் தோற்றத்தைத் தக்கவைத்தல் ஆகியவற்றை முன்னிட்டே பின்னர் கறுப்பு வெள்ளை தெரிந்தெடுக்கப்பட்டது. தொடர் முடிந்த கையோடு, பெரும்பாலும் அதே நடிகர்களைக் கொண்டு, ‘மன்ஸ்ரர், கோ ஹோம்!’ என்னும் வண்ணத் திரைப்படமும் 1966இல் வெளிவந்தது. அதுவும் பெருவரவேற்பைப் பெறவில்லை.

தொடருக்கு நிலைத்த வாழ்வு அதன் மறுஒளிபரப்பிலேயே கிட்டியது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எழுபது அங்கங்களையும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தனர். இதனிடையே 1981இல் ஒரு தொலைக்காட்சிப் படமும், 1988 முதல் 1991 வரை ‘மன்ஸ்ரர்ஸ் ருடே’ என்னும் வண்ணத் தொடரும் வந்தன. பின்னையது மூலத்திலும் கூடுதலான அங்கங்களைக் கொண்டிருந்தும் இன்று அதனை நினைப்போர் அரியர். 2012 ஒக்ரோபர் 26ஆந் திகதி என்.பீ.சீ. ஒளிபரப்பிய ‘மொக்கிங்பேர்ட் லேன்’ கேலியைக் குறைத்து இருளைக் கூட்டியது. அதில் ஹேர்மனுக்குத் தட்டைத் தலையுமில்லை. அது தொடராக வளரவில்லை.

றொப் சொம்பியின் படம் இவற்றினின்றும் வேறுபட்டது. இசைக்கலைஞராகப் புகழ்பெற்ற இவர், 1998இல் வெளியிட்ட பாடலொன்றுக்குத் தாத்தா செலுத்தும் காரின் பெயரையே சூட்டியவர். தொடரின்பால் அவருக்கிருந்த பற்று ஐயத்துக்கிடமற்றது. ஹங்கேரியில் மொக்கிங்பேர்ட் ஒழுங்கையையே கட்டியெழுப்பிப் படமெடுத்தார். பழைய நடிகர்களான புச் பற்றிக்கும் பற் பிறீஸ்றும் குரல் வழங்கினர். தட்டைத் தலையும் மீண்டது. திரையரங்கை நாடாது 2022 செப்டெம்பர் 27ஆந் திகதி நெற்பிளிக்ஸிலும் இறுவட்டிலும் படம் வெளியாயிற்று. ஆகவே பார்வையாளர் தீர்ப்பை நுழைவுச்சீட்டு விற்பனை கொண்டு அளக்க வழியில்லை. அவர்கள் சொன்ன சொற்களே சான்று.

சொற்களோ கடுமையாயிருந்தன. அவ்வாண்டுக் கோடையில் முன்னோட்டம் வெளியானபோதே, பச்சையும் ஊதாவும் கண்ணைக் கூசவைக்கின்றன, மலிவாகத் தோன்றுகின்றது என்ற குறை எழுந்தது. படம் வந்தபின் பார்வையாளர் இரு கூறாயினர். ‘ஹவுஸ் ஒவ் 1000 கோர்ப்சஸ்’ (2003) போன்ற குருதி தோய்ந்த படங்களால் சொம்பியை அறிந்தோர், சிறுவர்களும் பார்க்கத்தக்க இப்படத்தில் அவரைக் காணவில்லை. தொடரின் பழைய அன்பர்களோ தம் கறுப்பு வெள்ளையைக் காணவில்லை. தாத்தாவாக நடித்த டானியல் றோபக் மாத்திரம் இரு சாராரிடமும் ஓரளவு பாராட்டுப் பெற்றார். மூலமும் இதேயளவு அசட்டுத்தனமானதுதானே, நினைவு அதனை மெருகூட்டிவிட்டது எனப் படத்துக்காக வாதாடியோரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு.

ஆயின் அசட்டுத்தனமன்று இங்கு வினா. 1966இல் எந்நிறமின்மை காரணமாக மக்கள் இத்தொடரை விட்டு நீங்கினரோ, அதனையே 2022இல் உரிமைப்பொருள் போற் கோரினர். வண்ணத்தை எதிர்த்தோர், கறுப்பு வெள்ளையைத் தெரிந்ததிற் சிக்கனமும் ஒரு பங்கு வகித்தது என்பதை மறந்தனர். ஆனாற் குறை கூறியதில் அவர்கள் முற்றிலும் தவறினர் எனவும் கூறவியலாது. கறுப்பு வெள்ளையில் பூதத்தின் முகமும் அயலவனின் முகமும் ஒரே சாம்பல் நிறத்தன. ஒரே வேலி, ஒரே தெரு, ஒரே ஒளி. வேறுபாடு அயலவனின் அலறலில் மட்டுமேயிருந்தது. புதிய படத்திலோ ஹேர்மனின் பச்சை முகம் முதற் காட்சியிலேயே அவனைத் தனிப்படுத்திவிடுகின்றது.

அதனினும் பெரிய மாற்றம் கதையில் நேர்ந்தது. ஹேர்மன் உருவாக்கப்பட்டதையும் லிலியின் காதலையும் திருமணத்தையும் கூறும் முற்கதை இது. களம் பெரும்பாலும் திரான்சில்வேனியா. அங்கு எல்லோரும் பூதங்கள். எடி இல்லை, மரிலின் இல்லை, ஓடுவதற்கு அயலவரும் இல்லை. தன்னைச் சாதாரணன் என நம்பிய பழைய ஹேர்மனின் இடத்தில், திறமையற்ற நகைச்சுவையாளன் ஒருவனின் மூளை பொருத்தப்பட்டு, ஓயாது கேலி பேசும் ஹேர்மன் (ஜெப் டானியல் பிலிப்ஸ்) வந்தான். சிரிப்பு வரவில்லை என்று பலர் நிறத்தை நொந்தனர். நிறம் கண்ணுக்குத் தெரிவது. அயலவர் இன்மை அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. எஞ்சியது இயக்குநரின் பற்று மட்டுமே. பற்று வீட்டைக் கட்டிற்று, தெருவை மறந்தது.

தெரு வருவது இறுதியிலேதான். கோட்டையை இழந்த குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து மொக்கிங்பேர்ட் ஒழுங்கையை அடையும் நாள் ஹலோவீன் திருநாள். வேடமணிந்து திரியும் அயலவரைக் கண்டு, இவர்களும் நம்மவரே என அவர்கள் மகிழ்கின்றனர். மறுநாட் காலையில் வேடங்கள் களையப்பட்டு, மனித முகங்கள் வெளிப்படுகின்றன. இம்முறை அலறுவோர் மன்ஸ்ரர் குடும்பத்தினர். படத்தில் மிகச் சிறந்த இக்காட்சி, மூலத் தொடர் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்ததும் முடிந்துவிடுகின்றது.