பச்சையும் ரேகையும்

பச்சை குத்தினால் சாகும்வரை அழியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சோதித்துப் பார்க்கும் நிர்ப்பந்தம் நீதிமன்றங்களுக்குத்தான் வருகிறது. 1840களின் இறுதியில் பெர்லினில் தலையில்லாத பிணம் ஒன்று கிடைத்தது. எபர்மான் என்ற மாட்டு வியாபாரியின் உடல் அது என்றார்கள். ஆனால் எபர்மானின் கையில் பச்சை இருந்ததாகச் சாட்சிகள் சொல்ல, பிணத்தின் கை வெறுமையாக இருந்தது. பச்சை தானாகவே மறையுமா?

கேள்வி சட்ட மருத்துவர் காஸ்பரிடம் வந்தது. அவர் புத்தகத்தைப் புரட்டவில்லை. முதிய படைவீரர்களின் விடுதிக்குப் போய் அவர்களுடைய கைகளைப் பார்த்தார். இளமையில் குத்திக்கொண்டவர்களில் ஒன்பதில் ஒருவருக்குச் சுவடே இல்லை. பின்னர் பாரிஸில் ஹ்யூத்தான் என்ற மருத்துவர் இதையே பெரிய அளவில் செய்தார். சுமார் 3000 முதிய சிப்பாய்களில் 506 பேர் பச்சை குத்தியவர்கள். 47 பேருக்கு அடியோடு போயிருந்தது. சாதிலிங்கச் சிவப்பு முதலில் விடைபெறுகிறது. கரி கடைசிவரை நிற்கிறது. யுத்தங்களையும் ராஜாக்களையும் தாண்டி வந்த கிழவர்களின் தோலை யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. நம் விமர்சகர்கள் ஒரு கவிதைத் தொகுதியைக்கூட இப்படி எண்ணிப் படிப்பதில்லை.

மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். மை தங்குவது அதற்கும் கீழே. அந்நியப் பொருளை விழுங்க வரும் செல்கள் மையை விழுங்கிவிட்டு, ஜீரணிக்க முடியாமல் அப்படியே நிற்கின்றன. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது இன்னும் விநோதம்: அந்தச் செல் சாகும்போது மை வெளியே சிந்துகிறது, அடுத்து வரும் செல் அதை எடுத்துக்கொள்கிறது. ஆக, நிலைத்திருப்பதாக நாம் நினைப்பது ஓயாத கைமாற்றம். கைமாறும்போது கொஞ்சம் நகர்கிறது, கொஞ்சம் நிணநீரோடு அக்குள் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. தோலும் மெலிந்து தொய்கிறது. கோடு பட்டையாகிறது, எழுத்து கறையாகிறது. பாட்டிகளின் முன்னங்கையில் இருப்பது தேளா கோலமா என்று தெரியாமல் போவது இதனால்தான். (உள்ளே வைத்தது கரி, தோல் வழியாகப் பார்த்தால் பச்சை. பார்த்த நிறத்தையே பெயராக வைத்த மொழிக்கு நல்ல கண்.)

இந்தியாவில் கம்பெனி சர்க்கார் தோலை வேறு விதமாக நம்பியது. 1797ஆம் வருஷ வங்காள ஒழுங்குவிதி, ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தச் சொன்னது. சென்னை மாகாணத்திலும் இது வந்தது. கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டினார்கள், முடியை முன்னால் விட்டார்கள். 1849இல் அந்தத் தண்டனை ஒழிந்தது. ஒன்பதில் ஒரு நெற்றியாவது சர்க்காரை ஏமாற்றியிருக்குமா என்று யாரும் போய் எண்ணியதாகத் தெரியவில்லை.

பச்சையின் மீதான நம்பிக்கை அத்தோடு போகவில்லை. லண்டனில் டிச்போர்ன் சொத்துக்கு உரிமை கோரியவனின் கதை 1872இல் சரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கடலில் தொலைந்த உண்மை வாரிசின் கையில் இருந்த பச்சை அவன் கையில் இல்லாதது. காஸ்பரின் கணக்கை அங்கே யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அவன் மோசடிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இல்லாத பச்சை மட்டும் அதற்கு நிரூபணமாகாது.

சர்க்காருக்கு வேண்டியிருந்த மாறாத எழுத்து வேறு இடத்தில் கிடைத்தது. 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்ததாரரின் உள்ளங்கை அச்சைப் பத்திரத்தில் வாங்கினார். பிறகு தன் விரல்களையே பல வருஷ இடைவெளியில் பதித்து, ரேகை மாறவில்லை என்று காட்டினார். 1897இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் வந்தது. குத்த வேண்டாம், ரத்தம் வேண்டாம். தோல் தானே எழுதிவைத்திருந்தது.

ரேகையின் அமைப்பு மாறுவதில்லை என்பது சரி. தேய்வதில்லை என்று ஹெர்ஷல் சொல்லவில்லை. நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் எழுபதைத் தாண்டியவர்கள் பென்ஷனுக்காக எங்கள் கவுண்டருக்கு வருகிறார்கள். கண்ணாடியில் விரலை வைக்கிறார்கள், இயந்திரம் மறுக்கிறது, முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார்கள். அதே கையில், மணிக்கட்டுக்கு மேலே, கறையாகிப்போன ஒரு பெயரின் முதலெழுத்தை மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.