வந்தாறுமூலையில் இரவல் நூலும் தவணையும்

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் நூலை இரவலாகப் பெற்றுக் குறித்த நாளில் திருப்பிக் கொடுக்கும் முறை பல்கலைக்கழகத்தோடு நிலைபெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஏட்டுச் சுவடிகள் கோயில்களிலும் குடும்பங்களிலும் பேணப்பட்டன. வைகாசிச் சடங்கில் பாடப்படும் கண்ணகி வழக்குரை போன்றவை படியெடுத்தலினாலும் பரவின.

1981 இல் இப்பிரதேசத்து வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்களின் பொது மரபை இங்கு கொண்டுவந்தது. அம்மரபில், வீட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்க நூல்கள் இரவல் பகுதியிலும், நூலகத்துக்குள்ளேயே வாசிக்கவேண்டியவை நிரந்தர உசாத்துணைப் பகுதியிலும் வைக்கப்பட, பலரும் தேடும் பாடநூல்கள் மாலையில் வழங்கப்பட்டு மறுநாட் காலை மீளப் பெறப்படும் ஓரிரவு இரவலுக்கென ஒதுக்கப்பட்டன. தவணை தவறியோர் தண்டப்பணம் செலுத்தினர். படிப்பை முடிப்போர் நூலகக் கடன் ஏதுமில்லை என்னும் சான்றைப் பெறவேண்டியிருந்தது.

ஆயினும் தவணை என்பது திறந்திருக்கும் நூலகத்தையும் பயணிக்கத்தக்க வீதியையும் முன்னிபந்தனையாகக் கொண்டது. 1990 இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு, பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாகி, செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட காலத்தில், அந்நிபந்தனை முற்றாகக் குலைந்தது. ஆகவே இப்பிரதேசத்தில் தவணை கடந்த நூலை மாணவரின் கவனக்குறைவுக்கு மட்டுமே சான்றாகக் கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.