கல்வெட்டின் இரு மொழிகள்: கெமர்க் கோயில்களும் தமிழர் பார்வையும்

அங்கோர்க் கோயில்களைக் காணச் செல்லும் தமிழருள் பலர், காணும் முன்பே ஒரு முடிவோடு செல்கின்றனர். இவை சோழர் கட்டியவை, அல்லது சோழர் கற்பித்துக் கட்டுவித்தவை என்பதே அம்முடிவு. முப்பது ஆண்டுகளுக்கு முன் முதன்முறை சென்றபோது நானும் அவ்வெண்ணத்துடனேயே சென்றேன். அண்மையில் கெமர் வழிகாட்டி ஒருவருடன் மூன்று நாள்கள் இக்கோயில்களைச் சுற்றிவந்தேன். அவ்வெண்ணம் சான்றுகளின் முன் நில்லாது என்பதையும், சான்றுகள் காட்டும் உறவு அதனினும் பெருமைக்குரியது என்பதையும் உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காலக்கணக்கைக் காண்போம். இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையில் பேரரசனாக முடிசூடியது கி.பி. 802 என்பது வரலாற்று மரபு. விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது ஏறத்தாழ 850இல். பன்டேய் ஸ்ரே கோயிலில் இறைவன் எழுந்தருளியது 967இல். முதலாம் இராசராசன் அரியணை ஏறியதோ 985இல். ஆகவே, சோழப் பேரரசு விரிவடைவதற்கு முன்பே கெமர்க் கட்டடக்கலை தன் முதிர்ச்சியை எய்திவிட்டது. பன்டேய் ஸ்ரே அரசன் எடுத்த கோயிலும் அன்று. யக்ஞவராகன் என்னும் அரசவை அறிஞன் எடுத்தது.

சோழருக்கும் கம்புசத்துக்கும் தொடர்பு இருந்ததில் ஐயமில்லை. கம்புச மன்னன் முதலாம் இராசேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. காம்போச மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்டிய கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதை 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. ஆனால், கடாரம் வென்றதைப் பாடும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, வென்ற நாடுகளின் வரிசையில் கம்புசத்தைச் சேர்க்கவில்லை. நம் கல்வெட்டுகளே உரைப்பது இரு அரசுகளுக்கிடையே நிலவிய தூதுறவை, ஆட்சியை அன்று.

அங்கோர் வாட்டின் மேற்கு வாயிலில் எட்டுக் கைகளுடன் நிற்கும் திருமாலை ஊர் மக்கள் ‘தா ரீச்’ என வழிபடுகின்றனர். ‘தா’ என்பது கெமர் மொழியில் பாட்டனைக் குறிக்கும். உடன் வந்த தமிழ் நண்பர் ஒருவர், “நம் தாத்தாதான் இங்கே ‘தா’ ஆகிவிட்டார்” என்று மகிழ்ந்தார். கெமர் ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. ஓரசையின் ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. வழிகாட்டி புன்னகையுடன் அதைக் கேட்டுவிட்டு, தம் பாட்டியார் பூவும் ஊதுவத்தியும் வைத்து வணங்கிய இடத்தைக் காட்டினார். அவருக்கு அது மொழியாய்வுப் பொருளன்று, குடும்பத்தின் பழக்கம்.

பின்னர் அவர் ஒரு கதவுநிலைக்கு என்னை அழைத்துச் சென்றார். அதன் எழுத்து பல்லவர் கால எழுத்தின் வழிவந்தது. கெமர்க் கல்வெட்டுகளுட் பல இருமொழியின. கடவுளையும் மன்னனையும் போற்றும் பகுதி வடமொழிச் செய்யுளாக அமையும்; நிலம், நெல், பணியாளர் பெயர்கள் முதலியன பழங்கெமரில் வரும். சோழர் செப்பேடுகளைப் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அங்கும் வமிசப் புகழ் வடமொழியில் வரும். நிலத்தின் எல்லையும் வரியும் தமிழில் வரும். இரு நாட்டாரும் பொதுமரபு ஒன்றிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்து, தத்தம் மண்ணின் கணக்கைத் தத்தம் மொழியிலேயே எழுதினர். இஃது ஆசிரியன்-மாணாக்கன் உறவன்று. ஒரே பள்ளியில் பயின்ற இருவரின் உறவு.

தமிழ்நாட்டிற்கே உரிய தடமொன்றும் அங்கு உண்டு. பன்டேய் ஸ்ரேயின் கோபுர முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகின்றான். அவனடியில் உடல் வற்றிய பெண்ணுருவம் ஒன்று அமர்ந்திருக்கின்றது. அது காரைக்கால் அம்மையாரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பட்டம்பாங் பகுதியிலுள்ள வாட் பாசெட்டிலும் இவ்வுருவைக் கண்டுள்ளனர். கங்கைகொண்ட சோழபுரத்து ஆடவல்லான் அடியில் அம்மையார் இடம்பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அவர் இங்கு வந்துவிட்டார். படையோ அரசாணையோ அவரை இங்குக் கொணர்ந்திருக்க இயலாது. கடல் கடந்த அடியார்களின் நாவே கொணர்ந்திருக்க வேண்டும். வழிகாட்டி அப்பெயரைச் சரியாக ஒலிக்கக் கற்பிக்குமாறு கேட்டார். நான்கு முறை சொல்லிப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் கெமர் எழுத்தில் பதிந்துகொண்டார்.

பிறகு அவர் என்னிடம் ஒன்று வினவினார். இக்கற்கள் குலேன் மலையடியில் வெட்டி இழுத்து வரப்பட்டவை. இழுத்தவர்கள் தம் ஊராரின் முன்னோர். உங்கள் நாட்டிலிருந்து வருவோர் அவர்களைப் பற்றி ஏன் எதுவும் கேட்பதில்லை என்றார். என்னிடம் விடையில்லை. போர்க்காலத்தில் சிறுவராயிருந்து, உறவினரை இழந்து, இக்கோயில்களின் நிழலுக்கு மீண்டவர் அவர். தம்மவர்க்கு எஞ்சிய பழம்பெருமையையும் பிறர் தமதென்று உரைப்பதை அவர் நாள்தோறும் கேட்கின்றார். ஈழத்தில் பிறந்தவன் நான். எம் ஊர்களின் பழமையைப் பிறர் தமதாக்கி எழுதுவதைப் படிக்கும் வருத்தம் எனக்குப் புதிதன்று. அதே வருத்தத்தை மற்றோரினத்துக்கு நாம் விளைவிக்கலாகாது.

ஆகவே இம்மாநாட்டு அறிஞர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். தென்கிழக்காசியாவில் தமிழர் தடம் தேடும் இளம் ஆய்வாளர், வடமொழிப் பகுதியோடு நின்றுவிடாது பழங்கெமரையும் கற்க வேண்டும். நெல்லளந்தவர், விளக்கேற்றியவர், நிலம் உழுதவர் ஆகியோரின் பெயர்கள் அம்மொழியிலேயே உள்ளன. அவற்றைப் படித்த பிறகே அம்மையாரின் உருவம் அங்கு எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதை நாம் உணர முடியும்.