புரொஜெக்டர் வாங்கிய இருவர்

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உள்ள உங்கள் பழைய வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள் படச்சுருள் ஒன்று அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பாட்டனாரின் திருமணம் அதில் பதிவாகி இருக்கலாம். துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றும் இருக்கலாம். அதனைக் காண வேண்டுமாயின் பழைய புரொஜெக்டர் ஒன்றை விலைக்கு வாங்கியாக வேண்டும். எதனை வாங்குவது? முந்திய மாதிரியையா, பிந்திய மாதிரியையா? இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே இருவர் இதற்குத் தம் கைப்பொருளைக் கொண்டு விடை கண்டிருக்கின்றனர்.

முதல்வர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-இல் அவர் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றி வந்தார். மாதச் சம்பளம் 25 ரூபாய் என்பர். இலங்கையில் படம் காட்டிவிட்டு அவ்வூருக்கு வந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தொழிலைக் கைவிட நேர்ந்தபோது, அவருடைய கருவியையும் படங்களையும் ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு இவர் வாங்கினார். கணக்கிட்டுப் பாருங்கள், உண்ணாமல் உடுக்காமல் 80 மாதம் சேர்த்தாலன்றி அத்தொகை கைக்கு வாராது! வாங்கியதோ பிறர் ஓட்டிப் பழகிய கருவி. ஆயினும் அதனோடு இயேசுநாதரின் வரலாற்றைக் காட்டும் படமும் கிடைத்தது. பெட்டியில் அடைத்து இரயிலில் ஏற்றவும் முடிந்தது. கூடாரமும் கையுமாக ஊர் ஊராய்ச் சென்ற அவர் லாகூர், பெஷாவர் வரை போய்த் திரும்பி, 1909-இல் சென்னை எஸ்பிளனேடில் கூடாரம் அடித்தார். கருவி வாங்கியவரே பின்னர்ப் பாத்தே நிறுவனத்தின் கருவிகளை விற்கும் முகவருமானார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் எழுப்பினார்.

இரண்டாமவர் இரகுபதி வெங்கையா. சென்னையில் புகைப்பட நிலையம் நடத்தியவர். அவர் தம் சொத்தை அடகு வைத்து, 1910-இல் 30,000 ரூபாய் கொடுத்துப் பிரான்சு நாட்டுக் கோமோன் நிறுவனத்தின் குரோனோமெகாபோன் என்ற கருவியை வாங்கினார். அன்றைய நிலையில் அதுவே பிந்திய மாதிரி. படம் ஓடும்போது இசைத்தட்டும் உடன் சுழலும். அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் ஒலி பெருகி அரங்கமெங்கும் கேட்கும். பேசும்படம் பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே படத்தைப் பேச வைத்த பொறி அது! ஆனால், தட்டு ஓடும் சில நிமிடங்களுக்குமேல் பேசும் படம் நீள இயலாது. அதற்கெனவே எடுக்கப்பட்ட படங்களுக்கன்றி வேறெதற்கும் அந்த ஒலிப்பகுதி வாய் திறவாது. அக்கருவியோடு பர்மா, இலங்கை வரை சென்று வந்த வெங்கையா, நாளடைவில் நீண்ட ஊமைப்படங்களையும் நிலையான கொட்டகைகளையுமே நாடினார். மவுண்ட் ரோட்டில் கெயிட்டி 1914-இல் எழுந்தது. வடசென்னையை ஒட்டிய தங்கசாலைத் தெருவில் கிரவுனும், புரசைவாக்கத்தில் குளோபும் அவர் அமைத்தவையே. அவர் கொடுத்த விலை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆசைதான் அவரைத் தென்னாட்டுத் திரையுலகின் முன்னோடியாக்கியது. எனினும், எத்தனை படங்கள் அதில் ஓடும் என்ற கேள்வியில் சாமிக்கண்ணுவின் எளிய கருவியே வென்றது.

ஒளியின் கதை வேறு. மின்சாரம் இல்லாத ஊர்களில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சி ஒளி பெற்றனர். ஈதர் விளக்கும் உண்டு. 1897-இல் பாரிஸ் அறச்சந்தையில் படக்கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீ மூண்டு 120-க்கு மேற்பட்டோர் மாண்டனர். படச்சுருளும் அந்நாளில் எளிதில் எரியும் நைட்ரேட்டால் ஆனது. சென்னையில் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தின் மின்சாரம் பரவியபின் இந்த அச்சம் ஒருவாறு தணிந்தது. வீட்டுக்குள் படம் காட்டும் துணிவு எரியாச் சுருள் வந்த பிறகே பெருகியது. பாத்தேயின் 9.5 மில்லிமீட்டர்ச் சுருள் 1922-இலும், கோடாக்கின் 16 மில்லிமீட்டர்ச் சுருள் 1923-இலும், 8 மில்லிமீட்டர் 1932-இலும், சூப்பர் 8 1965-இலும் வெளிவந்தன.

இனி நம் பரண் சுருளுக்கு வருவோம். முதலில் அதன் அகலத்தையும் துளைகளையும் பாருங்கள். 8 மில்லிமீட்டருக்கும் சூப்பர் 8-க்கும் அகலம் ஒன்றே, துளைகள் வேறு. ஒன்றின் கருவியில் மற்றதை ஓட்டினால் சுருள் கிழியும். இரண்டையும் ஏற்கும் பிந்திய மாதிரிகள் உண்டு. விளக்கிலும் பிந்தியவற்றுக்கே என் வாக்கு. முந்தியவற்றின் 500, 750 வாட் விளக்குகள் இன்று கிடைப்பது அரிது. பிந்தியவற்றில் 12 வோல்ட்டு ஹாலஜன் விளக்கே பெரும்பாலும் போதும்.

துறைமுக நகருக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டுப் பொருள்கள் கைமாறும் ஊர் இது. 1969-இல் பர்மாவிலிருந்து மீண்டவர்களுக்கென அமைந்த பர்மா பஜார் அதற்குப் பெயர் போனது. அமெரிக்கக் கருவி 110 வோல்ட்டுக்கும் 60 சுழற்சிக்கும் உரியது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்டு, 50 சுழற்சி. மின்மாற்றி இன்றிச் செருகினால் விளக்கு அக்கணமே போய்விடும். மின்மாற்றி வைத்தாலும் சிலவற்றில் மோட்டார் மெதுவாகச் சுழன்று, பாட்டனார் திருமண ஊர்வலத்தில் தளர்நடை போடுவார்!

ரப்பர்ப் பட்டை தார்போல் உருகியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். சுருளில் புளித்த காடி நாற்றம் வீசினால் அதனைக் கருவியில் ஏற்றவே வேண்டாம். அது சுருங்கத் தொடங்கிவிட்டது. நல்ல சுருளாயினும், முதலில் பயனற்ற துண்டுப்படம் ஒன்றை ஓட்டி, அதில் கீறல் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் இல்லையெனில் விலை பேசலாம்.